ஆண்டிமடத்திலிருந்து எல்லை எவ்வளவு தூரம்?

மெக்சிகோவுக்குத் தெற்கே, கொலம்பியாவுக்கு வடக்கே, இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே ஒல்லியாக நீளும் மத்திய அமெரிக்க நிலத்தில் ஏழு நாடுகள் இருக்கின்றன: குவாத்தமாலா, பெலீஸ், எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா, பனாமா. ஏழையும் கூட்டினாலும் பரப்பு ஐந்தே கால் லட்சம் சதுர கிலோமீட்டருக்குள்தான். தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்கு. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, விமானம் ஏறாமல், பஸ் மாறி பஸ் மாறியே இவற்றைக் கடந்துவிடலாம். அதனால் கையில் காசு குறைவாக உள்ள ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே போய்வருகிறார்கள்.

அந்தப் பயணங்களின் படங்கள் இன்று எங்கள் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்துப் பையன்களின் கைபேசியிலும் ஓடுகின்றன. "நாமும் போகலாமாண்ணே, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய் வந்தவர்கள் நிறைந்த ஊர்ப்பக்கம் இது. வெளிநாடு என்றால் வேலைக்கு மட்டும்தான் என்ற நிலை மாறி, ஊர் பார்க்கவும் போகலாம் என்று ஒரு தலைமுறை நினைக்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது பஸ் கட்டணத்தில் தொடங்கிப் பாஸ்போர்ட்டில் போய் முட்டுகிறது. அங்கிருந்து தனுஷ்கோடி, நாகப்பட்டினம், மணிப்பூர் என்று நம் பக்கத்துக்கே திரும்பி வருகிறது.

முதலில் அந்த வழி எப்படியிருக்கும் என்று பார்ப்போம். அமெரிக்கப் பள்ளிகளில் ஓடிக் கழித்துக்கட்டிய மஞ்சள் பஸ்கள் குவாத்தமாலாவுக்கு வந்ததும் சிவப்பு, பச்சை, நீலம் என்று புதுச்சாயம் பூசி, முன்கண்ணாடியில் சாமி பெயரெழுதிக்கொண்டு ஊருக்கு ஊர் ஓடுகின்றன. இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த சீட்டில் மூன்று பெரியவர்கள். கூரைமேல் மூட்டை, கூடை. வெளிநாட்டார் இவற்றைச் 'சிக்கன் பஸ்' என்கிறார்கள். வசதியாகப் போக விரும்புவோருக்கு நாட்டுக்கு நாடு செல்லும் டிகா பஸ் போன்ற குளிர்சாதனப் பஸ்கள் உண்டு; கட்டணம் பல மடங்கு.

உள்ளூர் பஸ் எல்லையைத் தாண்டாது. எல்லைக்குச் சற்று முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து நடை. ஒரு நாட்டின் அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை, நடுவில் ஒரு பாலமோ வெறும் சாலையோ, மறுபுறம் அடுத்த நாட்டின் அலுவலகத்தில் நுழைவு முத்திரை, அதற்கப்பால் காத்திருக்கும் அடுத்த பஸ். ஹோண்டுராஸுக்கும் நிகராகுவாவுக்கும் நடுவிலுள்ள குவாசாவுலேயில் அந்த இடைவெளி சற்று நீளம்; வெயில் கடுமை. அங்கே மூன்று சக்கர மிதிவண்டிக்காரர்கள் பயணியையும் பையையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடத்திவிடுகிறார்கள். கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். பாலத்தின் இரு முனையிலும் ஒரு கையில் நோட்டுக் கட்டு, மறு கையில் கால்குலேட்டரோடு நாணயம் மாற்றுவோர் சூழ்ந்துகொள்வார்கள். குவாத்தமாலாவில் கெட்சால், ஹோண்டுராஸில் லெம்பிரா, நிகராகுவாவில் கோர்டோபா, கோஸ்டாரிகாவில் கொலோன். எல் சல்வடோர் மட்டும் 2001 முதல் அமெரிக்க டாலரையே தன் பணமாக வைத்திருக்கிறது. பனாமாவிலும் டாலர்தான் புழங்குகிறது. அன்றைய மதிப்பைத் தெரிந்துகொண்டு, அடுத்த ஊர்வரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவுக்கு மட்டும் எல்லையில் மாற்றிக்கொள்வது விவரமானவர்களின் வழக்கம்.

மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் நடுவே சுச்சியாத்தே ஆறு ஓடுகிறது. முறையான பாலம் ஒன்று அங்கே உண்டு. அதன் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே பெரிய டயர் டியூபுகளை ஜோடி சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பிய தெப்பங்கள் நாள்முழுதும் ஆளையும் அரிசி மூட்டையையும் சோப்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்வருகின்றன. தெப்பக்காரர் நீண்ட கழியால் ஆற்றின் தரையை ஊன்றித் தள்ளுவார். இரு கரையிலும் உறவும் வியாபாரமும் உள்ளவர்களுக்கு அது அன்றாடப் போக்குவரத்து. பாஸ்போர்ட்டோடு போகும் பயணி அதில் ஏறக்கூடாது. நுழைவு முத்திரை இல்லாமல் உள்ளே போனவர் அடுத்த எல்லையில் மாட்டிக்கொள்வார்.

விதிகளில் ஒன்று முக்கியம். குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நான்கும் 2006-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நான்குக்கும் சேர்த்துத்தான் 90 நாள் தங்கலாம். நாட்டுக்கு 90 என்று கணக்குப் போட்டவர் அபராதம் கட்ட நேரும். பெலீஸிலிருந்து தரைவழி வெளியேற 20 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். கோஸ்டாரிகாவிலும் சிறு வெளியேறும் வரி உண்டு. ரசீது தராமல் யாராவது கேட்டால் அது வரியல்ல. பனாமா எல்லையில், திரும்பிப்போகும் டிக்கெட்டையும் கைவசம் பணம் இருப்பதற்கான சான்றையும் காட்டச் சொல்வார்கள்.

தங்கும் செலவு குவாத்தமாலா, நிகராகுவா போன்ற இடங்களில் பொதுஅறைப் படுக்கைக்குப் பத்துப் பதினைந்து டாலர். கோஸ்டாரிகாவில் ஏறக்குறைய இரட்டிப்பு. சாப்பாட்டைப் பற்றி ஆண்டிமடத்துக்காரருக்குக் கவலை வேண்டாம். காலையில் அரிசிச்சோறும் காராமணி போன்ற பயறும் சேர்த்து வதக்கிய கலவை, மூன்று வேளையும் மக்காச்சோள ரொட்டி. பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் கண்ணுக்கெட்டிய வரை விளைந்து கோழித்தீவனத்துக்குப் போகிறதே, அதே மக்காச்சோளம். அதன் பிறந்த வீடு மெக்சிகோ. ஆண்டிமடத்தைச் சுற்றிச் செம்மண்ணில் நிற்கும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு பயிர்களை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர் அந்தக் கண்டத்துக்குப் போய் அவற்றின் மூலத்தைப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சிக்கனமாக இருந்தால் ஒரு நாளை முப்பது நாற்பது டாலருக்குள் ஓட்டிவிடலாம். இது ஒரு ஜெர்மானியருக்கும் நமக்கும் பொது. கணக்கு வேறாவது இதற்கு முன்னால்தான்.

ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர் குவாத்தமாலாவில் இறங்கி விசாக் கட்டணம் எதுவும் தராமல் உள்ளே போகிறார். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு வழிதிறக்கும் சாவி, அவர் போகாத இன்னொரு நாட்டின் கையில் இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஒட்டியிருந்தால் மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டாரிகா, பனாமா போன்றவை பொதுவாகத் தனி விசா கேட்பதில்லை. அந்த விசாவை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று பனாமா நிபந்தனை போடும். அமெரிக்க விசா இல்லாதவர், பெரும்பாலும் புது தில்லியில் இருக்கும் தூதரகங்களை ஒவ்வொன்றாக அணுக வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவின் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். சென்னையில் நேர்காணல். நிரந்தர வேலை, சொத்து, வங்கி இருப்பு எதுவும் அழுத்தமாகக் காட்ட முடியாத இருபத்துநாலு வயதுப் பையனுக்கு மறுப்பு வருவதே அதிகம். கட்டியது திரும்ப வராது. அதற்குமேல் விமானக் கட்டணம். போய்வரப் பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2023 அக்டோபரில் எல் சல்வடோர் ஒரு புது வரி போட்டது. இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள் உள்ளிட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டவர் அதன் விமான நிலையத்தின் வழியாகப் போனாலே, வரி உட்பட 1,130 டாலர் கட்ட வேண்டும். தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல். குறைந்த செலவில் எல்லை தாண்டும் வழி என்று உலகம் சொல்வது, யாருடைய பாஸ்போர்ட்டை வைத்துச் சொன்னது என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. அதே பஸ்கள், அதே எல்லைகள் வழியாக அமெரிக்காவுக்குள் நுழையப் போகும் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பஞ்சாப், ஹரியானா, குஜராத் பக்கம் இதை 'டங்கி' வழி என்கிறார்கள். 2023 டிசம்பரில் ஃபுஜைராவிலிருந்து நிகராகுவாவின் மனாகுவாவுக்குப் புறப்பட்ட தனி விமானமொன்று எரிபொருள் நிரப்பப் பிரான்சின் வாத்ரி விமான நிலையத்தில் இறங்கியபோது தடுத்து நிறுத்தப்பட்டது. உள்ளே 303 பேர்; பெரும்பாலும் இந்தியர். 276 பேர் மும்பைக்குத் திரும்பினார்கள். தென் அமெரிக்காவில் இறங்கியவர்கள் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே சாலையே இல்லாத, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தாரியன் காட்டை நடந்து கடந்தார்கள். எல்லா நாட்டவரையும் சேர்த்து 2023-இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தக் காட்டைக் கடந்தனர். வெள்ளம், கொள்ளை, பாலியல் வன்முறை, எண்ணிக்கை தெரியாத சாவுகள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியரைக் கைவிலங்கோடு அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கியதை நாடே பார்த்தது. காணி விற்றுக் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்த குடும்பங்கள் அவை. ஆண்டிமடத்தில் யாராவது "நிகராகுவா வரைக்கும் டிக்கெட் போட்டுத் தர்றேன், அப்புறம் எல்லாம் தரைவழிதான்" என்று சொன்னால், அது ஊர் பார்க்கும் பயணமல்ல. அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

சரி, தரைவழியாக, ஏழையாக, எல்லை தாண்டிப் போவது நமக்குப் புதிய ஆசையா? இல்லை. நம் பாட்டன்மார் செய்தது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு போகலாம். ரயில் தனுஷ்கோடியில் நிற்கும்; எதிரே நீராவிக் கப்பல்; அக்கரையில் தலைமன்னார்; அங்கே காத்திருக்கும் இலங்கை ரயில். இதுதான் போட் மெயில். அந்த வழியையும் ஏற்றிச் சொல்ல வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களை மண்டபம் முகாமில் பல நாள் நிறுத்தித் தொற்றுநோய்ச் சோதனை முடிந்த பிறகே விட்டார்கள். முதல்வகுப்புப் பயணிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எல்லையில் ஏழைக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி என்பது அப்போதே தொடங்கிவிட்டது. ஆனாலும் போக வழி இருந்தது. டிக்கெட் கைக்கு எட்டியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குப் போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. இலங்கையில் 1983 கலவரமும் போரும் அதையும் நிறுத்திவிட்டன.

கிழக்கே இன்னொரு வழி. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டு போய்வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கானோரில் காவிரிக் கழிமுகத்தாரும் உடையார்பாளையம் பக்கத்தாரும் உண்டு. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பயணிகள் இறந்தார்கள், அதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது.

இன்னும் பின்னோக்கினால், காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் கரையேறினார்கள். இன்று முதுகுப்பைப் பயணிகள் பெலீஸிலும் பனாமாவிலும் குளிக்கும் அதே கரீபியக் கடல்தான்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு நெஞ்சை அடைக்கும் வழி பர்மா வழி. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது நாலைந்து லட்சம் இந்தியர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். பெருந்தொகையானவர் தமிழர். சிந்த்வின் ஆறு தாண்டி, தமு வழியாக மணிப்பூர் மலைகளேறி இம்பால், பிறகு திமாப்பூர். பசியிலும் காலராவிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்து நடத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. உயிரோடு வந்தவர்களில் பலர் போர் முடிந்ததும் திரும்பப் போனார்கள். 1962-இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார்; பிறகு கடைகளை நாட்டுடைமையாக்கினார். லட்சக்கணக்கானோர் மறுபடி வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் ஒட்டமுடியாத சிலர் பர்மாவுக்கே போய்விடுவோம் என்று ரயிலும் பஸ்ஸும் ஏறி, மணிப்பூர் எல்லை ஊரான மோரே வரை போனார்கள். பர்மியக் காவலர் உள்ளே விடவில்லை. திரும்பிவர மனமில்லாமல் எல்லைக்கோட்டிலேயே குடிசை போட்டார்கள். அப்படி உருவானதுதான் மோரேத் தமிழ்க் குடியிருப்பு. அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், எதிர்ப்புறத்துத் தமு சந்தையோடு வியாபாரம் செய்து தழைத்தார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த வன்முறையும், மறுபக்கம் மியான்மர் உள்நாட்டுப் போரும் அந்த வாசலை இறுக்கிவிட்டன. எல்லைவாழ் மக்கள் தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டை நிறுத்தப்போவதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. சென்னையிலிருந்து பாங்காக்குக்குத் தரைவழியாகப் போகலாம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுபவர்களின் விரல் மோரேயில் நின்றுவிடுகிறது.

அப்படியானால் இன்று ஆண்டிமடத்துக்காரருக்குத் திறந்திருக்கும் தரை எல்லைகள் எவை?

முதலாவது நேபாளம். 1950 உடன்படிக்கையின் பயனாக அங்கே விசா இல்லை, பாஸ்போர்ட்கூட வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னை, அங்கிருந்து ரப்திசாகர் விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாளில் கோரக்பூர், பஸ்ஸில் சுனௌலி. ஒரு வளைவுக்குக் கீழே நடந்தால் மறுபக்கம் நேபாளம். புத்தர் பிறந்த லும்பினி பக்கத்தில். பெரிய நோட்டுகளுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்ததால் நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போவது நல்லது. உலகத்தில் ஓர் ஏழை இந்தியருக்கு இவ்வளவு எளிதான எல்லை வேறில்லை. முதல் பயணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

பூடான் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. 2022 செப்டம்பர் முதல் இந்தியரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும். பத்து நாளுக்குப் பன்னிரண்டாயிரம். சிக்கனப் பயணம் அங்கே முடிந்தது. வங்கதேசத்துக்கு 2008 முதல் ஓடிய மைத்ரி ரயில் 2024 ஜூலையில் நின்றது, விசாவும் சுருங்கிவிட்டது. பாகிஸ்தானைப் பேசிப் பயனில்லை.

விமானத்துக்குக் கொஞ்சம் செலவிட முடிந்தால் தென்கிழக்கு ஆசியாதான் நமக்கு வாய்த்த மத்திய அமெரிக்கா. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு முப்பது நாள் விசா வேண்டாம் என்றது. தாய்லாந்து 2024 ஜூலையில் அறுபது நாள் தந்தது. இவை மாறக்கூடியவை, கிளம்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம். அங்கிருந்து வடக்கே ரயில்; கெடா மாநிலத்தைக் கடந்து பாடாங் பெசார் நிலையத்தில் இறங்கினால், அந்த ஒரே கட்டடத்தில் மலேசிய, தாய்லாந்து முத்திரை இரண்டும் வாங்கிக்கொண்டு மறு ரயிலில் ஹாட்யாய் போய்ச் சேரலாம். கெடா என்பது பழைய கடாரம். ஆண்டிமடத்துக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திரன் 1025 வாக்கில் படையனுப்பிய இடம். ஹாட்யாயிலிருந்து பாங்காக், நோங் காய் பாலம் வழியாக லாவோஸ், பிறகு வியட்நாம், கம்போடியா. மின்விசாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கும் ஒரு புதைகுழி உண்டு. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு வரவழைத்து, மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணையமோசடிக் கூடங்களில் அடைக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அப்படிச் சிக்கி மீட்கப்பட்டார்கள். சுற்றுலாவாகப் போனவரை எல்லைக்கு அப்பால் வேலைக்குக் கூப்பிட்டால் போகவே கூடாது.

ஆயத்தம் பற்றிச் சுருக்கமாக. நம் மாவட்டத்துக்குத் திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். சாதாரண 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் வேலைக்கான குடியேற்றச் சோதனைக் குறிப்பு இருக்கும். மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உண்டு என்றாலும், சுற்றுலாவுக்கு அது தடையல்ல. பனாமா மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் ஒன்று. அங்கே போய்த் திரும்புவோர் தடுப்பூசிச் சான்று காட்டாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தப்படலாம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள்.

கடைசியாக, ஆண்டிமடத்துக்கு மிக அருகிலுள்ள நாட்டெல்லை எது? நாகப்பட்டினம் துறைமுகம். ஜெயங்கொண்டம், கும்பகோணம் வழியாக நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14 அன்று அங்கிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடாது. தொடக்கத்தில் அறிவித்த ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். பிறகு குறைத்தார்கள், ஆனாலும் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது பல நாள் கூலி. மேல்தளப் பயணியாய்ப் பினாங்குக்குப் போன தலைமுறையின் துறைமுகம் இது. கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில் ஒரு டிக்கெட், கடல் ஒத்துழைக்கும் நாளெல்லாம் ஒரு புறப்பாடு, கப்பல் நேரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஓர் அரசுப் பஸ்: இந்த மூன்றையும் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செய்து தர வேண்டும்.